‘டீர்’ என்ற சொல்லைத் தோண்டிப் பார்ப்பது எப்படி?

மாலை ட்யூஷனில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: “சார், ஒரு மானும் டீர், பத்து மானும் டீரா? எஸ் எங்கே போச்சு?” அப்படித்தான், மனப்பாடம் பண்ணு என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது உறுத்தியது. அப்புறம் தேடியதைத்தான் இங்கே சொல்கிறேன். எந்த ஆங்கிலச் சொல்லுக்கும் இதே வழியில் போகலாம்.

சொல் வரலாறு தரும் பெரிய அகராதி ஒன்றை எடுங்கள். பொருளைத் தாண்டி, சதுர அடைப்புக்குள் இருப்பதைப் படியுங்கள். எல்லாரும் தாவிவிடும் இடம் அதுதான். ‘டீர்’ பதிவில் அங்கே பழைய ஆங்கில வடிவம் இருக்கும். ‘டேயோர்’ என்பதுபோல் ஒலிக்கும். அதன் பொருள் மான் அல்ல, விலங்கு. எஸ் விஷயமும் இங்கேயே தீர்ந்துவிடும். இந்த வகைச் சொற்களுக்குப் பழைய ஆங்கிலத்திலேயே பன்மை விகுதி கிடையாது. ‘ஷீப்’ கதையும் இதேதான்.

அடுத்து, பக்கத்து மொழிகளைப் பாருங்கள். நர்ஸ் வேலைக்காக ஜெர்மன் படிக்கும் என் அக்கா மகளின் பாடப்புத்தகத்தில், விலங்குக்கான சொல்லும் தமிழில் எழுதினால் டீர்தான்! டச்சிலும் அப்படியே. ஆக, பொருள் சுருங்கியது ஆங்கிலத்தில்தான்.

ஏன் சுருங்கியது? 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். பிரெஞ்சிலிருந்து ‘பீஸ்ட்’ வந்தது, பிறகு லத்தீனிலிருந்து ‘அனிமல்’. பழைய சொல், பிரபுக்கள் ஆசையாக வேட்டையாடிய மானோடு ஒதுங்கிக்கொண்டது.

பழைய பொருள் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் தேடுங்கள். எனக்குப் பிடித்த கட்டம் இது. ‘வில்டர்னஸ்’ என்ற சொல்லைப் பிரித்தால் நடுவில் இந்த டீர் உட்கார்ந்திருக்கிறது: காட்டுவிலங்கு திரியும் இடம். ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ நாடகத்தில் எலி, சுண்டெலியைக்கூட ‘சின்ன டீர்’ என்கிறான் ஒருவன். மான் என்று மொழிபெயர்த்தால் சிரிப்புதான் வரும்.

ஒலியை மட்டும் நம்பாதீர்கள். ‘அன்புள்ள’ என்று கடிதத்தில் எழுதும் ‘டியர்’ இதற்கு உறவே இல்லை. அதன் ஜெர்மன் உடன்பிறப்பு ‘டாயர்’, விலை உயர்ந்தது என்று பொருள்.

கடைசியில் நம் வீட்டுப் பக்கமும் ஒரு பார்வை. வடமொழி ‘ம்ருக’வுக்குக் காட்டுவிலங்கு, மான் என இரண்டு பொருளும் உண்டு. தமிழில் ‘மிருகம்’ என்றால் விலங்கு; ஆனால் மிருகசீரிடம் மான்தலை. சொந்தமில்லாத இரண்டு சொற்கள், ஒரே இரட்டை வேடம்.

மறுநாள் பையனிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி சார், பரீட்சையில எஸ் போட்டா மார்க் போகுமா?” என்றான்.

போகும்.