பாசி தின்னும் மீன்: ரீஃப் தொட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமீபத்தில் மூன்று பேருடைய புது ரீஃப் தொட்டிகளை, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிகளைப் பார்த்தேன். மூன்றிலும் ஒரே காட்சி: பளிச்சென்ற கண்ணாடி, வயிறு ஒட்டிப்போன மீன். உப்பு, வெப்பநிலை பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

பாசி தீர்ந்தால் மீன் எதைத் தின்னும் என்று யோசிக்காதது

தொட்டி வைத்த சில வாரங்களில் மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புப் படலம் படியும். அது டயாட்டம் என்னும் நுண்பாசி. பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். அதற்குள் பதறிப்போய் லான்மோவர் பிளென்னி என்னும் பாசி மேயும் சின்னக் கடல் மீன் ஒன்றை வாங்கி விடுகிறார்கள். கொஞ்ச நாளில் தொட்டி சுத்தமாகிவிடும். பிளென்னியின் பட்டினி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்த மீன் பட்டினி கிடப்பது பார்த்தவுடன் தெரியாது. பகல் முழுக்கக் கண்ணாடியைக் கொத்திக்கொண்டே இருக்கும். உதடு பட்ட இடமெல்லாம் சின்னச் சின்ன வளைவாகத் தடம் விழும். நன்றாகத்தான் மேய்கிறது என்று நாமும் விட்டுவிடுவோம். கொத்துகிறது என்பதால் வயிறு நிறைகிறது என்று அர்த்தமில்லை. என் முதல் பிளென்னி நாலாம் மாதம் செத்தது. முந்தின நாள் சாயங்காலம்கூடக் கொத்திக்கொண்டிருந்தது. வெளியே எடுத்த பிறகுதான் பார்த்தேன்: வயிறு உள்ளே குழிந்து, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அத்தனை நாளும் நைட்ரேட், பாஸ்பேட் என்று தண்ணீரைத்தான் சோதித்திருக்கிறேன். மீனின் வயிற்றை ஒருநாளும் பார்க்கவில்லை.

"பாசி இருக்கிறதே, தனியாகத் தீனி எதற்கு?" என்று சொல்லி விற்பதைக் கேட்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. வாங்கும் முன் கடையிலேயே தீனி போடச் சொல்லிப் பாருங்கள். தின்னாத பிளென்னியைப் புதுத் தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள். எண்ணெய், மசாலா சேராத நோரித் தாளை (உலர்ந்த கடற்பாசித் தாள்) ஒரு கல்லில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, அது மேயும் இடத்திலேயே வையுங்கள். முதல் சில நாள் தொடாமல் போகலாம். ஊறிக் கிழிந்ததை எடுத்துவிட்டு மறுநாள் புதிதாகக் கட்டுங்கள். பின்பக்கக் கண்ணாடியைச் சுரண்டாமல் விடுங்கள். ஒரு வாளி உப்புத் தண்ணீரில் நாலைந்து கற்களைப் போட்டு, விளக்கடியில் வைத்துப் பாசி பிடிக்க வைத்தால், வாரம் ஒரு கல்லாக மாற்றிக் கொடுக்கலாம். எனக்குக் கைகொடுத்தது இந்த வாளிதான்.

அப்புறம், வாரம் ஒருமுறையாவது மீனைப் பக்கவாட்டில் பாருங்கள். வயிறு லேசாக உருண்டிருக்க வேண்டும்.

எந்தப் பாசி என்று பார்க்காமல் மீன் வாங்குவது

முடி போல நீளமாக வளர்ந்த பாசியைப் பெரும்பாலான மீன்கள் சீண்டாது. கையால் பிடுங்கிக் குட்டையாக்கிவிட்டால், திரும்ப முளைக்கும் தளிரை மேயும். சிவப்பாக வழவழவென்று படர்வது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. அதைத் தின்ன மீனை எதிர்பார்க்காதீர்கள்.

சின்னத் தொட்டியில் டேங்

வேண்டாம். டேங் என்பது பாசி மேயும் இன்னொரு வகைக் கடல் மீன். அதில் மஞ்சள் டேங்கே 20 செ.மீ. வரை வளரும், நாளெல்லாம் நீந்துகிற மீன்.

குவாரண்டைன் செய்யாமல் இறக்குவது

புது மீனை முதலில் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பதுதான் குவாரண்டைன். டேங் மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் சுலபமாக வரும். அதற்கான காப்பர் மருந்தைப் பவளம் இருக்கும் தொட்டியில் ஊற்றவே முடியாது. பவளம், இறால், நத்தை எல்லாம் போய்விடும். எல்லா மீனையும் பிடித்து வேறு தொட்டியில் மருந்து கொடுத்து, ரீஃப் தொட்டியை மீனே இல்லாமல் வைக்க வேண்டும். 76 நாள் என்பது வழக்கமான கணக்கு. கல்லை எல்லாம் கலைத்து மீன் பிடித்தவருக்கு அந்தப் பாடு தெரியும்.

ஃபாக்ஸ்ஃபேஸை வெறுங்கையால் பிடிப்பது

பாசி மேயும் இந்த மீனின் முள்ளில் விஷம் இருக்கிறது. வலையிலும் சிக்கிக்கொள்ளும், டப்பாவில் முகந்து எடுங்கள். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில் கையை வைத்துவிட்டு, டாக்டரிடம் போங்கள்.

மூடி இல்லாத தொட்டி

பிளென்னி குதிக்கும். வலை மூடி போடுங்கள்.