சோம்பேறிக் கண்ணுக்கு பேட்ச்: வீட்டில் செய்ய வேண்டியவை

குழந்தைகள் கண் சிகிச்சைப் பிரிவில் பார்வை அளப்பது என் வேலை. சோம்பேறிக் கண் (மூளை ஒதுக்கிவிட்டதால் ஒரு கண்ணில் பார்வை மங்கிப்போவது) என்று தெரிந்ததும் மருத்துவர் சீட்டில் கண்ணாடி, பேட்ச் (கண்ணை மூடி ஒட்டும் பட்டை) என்று எழுதிக் கொடுத்துவிடுவார். அதை வீட்டில் நடத்துவதுதான் பெரும்பாடு.

முதலில் கண்ணாடி. இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் அதிகமாக இருந்தாலோ மாறுகண் இருந்தாலோ, மூளை ஒரு கண்ணை மட்டும் நம்பி மற்றதை ஒதுக்கிவிடுகிறது. கண்ணாடி போட்ட அன்றே பார்வை வந்துவிடாது. நாலைந்து மாதம் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். சில குழந்தைகளுக்கு அதுவே போதும், பேட்ச் தேவைப்படாது. "போட்டும் தெரியலையே" என்று கழற்றி வைக்காதீர்கள். தூங்கும் நேரம் தவிர எப்போதும் முகத்தில் இருக்கட்டும்.

பேட்ச் நன்றாகத் தெரியும் கண்ணுக்கு. அதை மூடினால்தான் மங்கிய கண் வேலை செய்யும். வீட்டில் ஆள் மாறி ஒட்டும்போது கண்ணும் மாறிவிடும். வலதா இடதா என்று டப்பாவின் மேலேயே எழுதி வையுங்கள். தோலில் நேராக ஒட்டி, அதன் மேல் கண்ணாடியை மாட்டுங்கள். கண்ணாடியில் ஒட்டினால் பிள்ளை மூக்கோரமாக எட்டிப் பார்த்துவிடும். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் எங்கோ இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம்.

மங்கிய கண்ணின் பார்வை 6/12 முதல் 6/24 வரை (சாதாரணக் கண் 12 முதல் 24 மீட்டரில் படிப்பதை இந்தக் கண் 6 மீட்டரில்தான் படிக்கும்) என்றால் பெரும்பாலும் தினமும் 2 மணி நேரம்தான் சொல்வார்கள். 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நடத்தி 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நாலு மாத முடிவில் 2 மணி நேரமும் 6 மணி நேரமும் ஒரே அளவு பலன்தான் தந்தன. பார்வை அதைவிடக் குறைவு என்றால் 6 மணி நேரம் வரை போகும். நீங்களாகக் கூட்டாதீர்கள். அளவு மீறி மூடினால், குறிப்பாகச் சின்னக் குழந்தைகளுக்கு, நல்ல கண்ணின் பார்வை இறங்கக்கூடும்.

அந்த நேரத்தில் படம் வரையட்டும், மணி கோக்கட்டும், பழைய நாளிதழில் 'ம' எங்கெல்லாம் இருக்கிறதோ வட்டம் போடட்டும். பந்து விளையாடினாலும் சரி, பேட்ச் முகத்தில் இருந்தால் போதும். முதல் சில நாள் மாடிப்படியும் சைக்கிளும் மட்டும் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று: உண்மையான மணிக்கணக்கு. பேட்சில் சிறு கருவி பொருத்தி அளந்த ஆய்வுகளில், மருத்துவர் சொன்ன நேரத்தில் பாதியளவுதான் குழந்தைகள் போட்டிருந்தார்கள். சங்கடப்பட்டு நீங்கள் "தினமும் போட்டோம்" என்று சொன்னால், பேட்ச் வேலை செய்யவில்லை என்று நாங்கள் நினைத்து நேரத்தைக் கூட்டிவிடுவோம், அல்லது சிகிச்சையையே மாற்றிவிடுவோம். நஷ்டம் பிள்ளைக்கு. நாள்காட்டியில் அன்றன்று குறியுங்கள். அழுது பிய்த்தெறிந்த நாளுக்குச் சைபர் போடுங்கள். இங்கே யாரும் உங்களைத் திட்ட மாட்டோம். சைபர் நிறைய இருந்தால் வேறு வழி பேசலாம். அட்ரோபின் சொட்டு மருந்து அதில் ஒன்று. நல்ல கண்ணில் விட்டால் அதற்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகி, மற்ற கண் வேலை செய்யத் தொடங்கும். பலருக்கு வார இறுதியில் விட்டாலே போதும். வெயிலில் கண் கூசும், தொப்பி வேண்டும். முகம் சிவந்து காய்ச்சல் கண்டால் நிறுத்திவிட்டு உடனே கூப்பிடுங்கள்.

தோல் சிவந்தால் வெதுவெதுப்பான ஈரத்துணியால் ஊறவைத்து மெதுவாக எடுங்கள், மறுநாள் கொஞ்சம் திருப்பி ஒட்டுங்கள். கொப்புளம் வந்தால் ஒட்டாமல் எங்களிடம் காட்டுங்கள்.

வயது 7 தாண்டிவிட்டது என்று யாராவது கைவிரித்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். 7 முதல் 12 வயது வரை சிகிச்சை பெற்றவர்களில் சுமார் பாதிப் பேருக்குப் பார்வை முன்னேறியதாக 2005 ஆய்வு ஒன்று காட்டியது. சிறு வயதில் பலன் அதிகம், உண்மைதான்.

பார்வை தேறியதும் பேட்சைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். முதல் வருடத்துக்குள் ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தைக்குப் பார்வை திரும்ப இறங்குகிறது. 6 மணி நேரம் போட்டவர்களுக்கு 2 மணி நேரமாகக் குறைத்து, அப்புறம் நிறுத்துவோம். கண்ணாடி மட்டும் தொடரும், பரிசோதனைத் தேதியும் தவறக்கூடாது. வரும்போது அந்த நாள்காட்டித் தாளையும் எடுத்து வாருங்கள்.