துப்புரவுச் செலவு எங்கே கசிகிறது?

அலுவலகத் துப்புரவுச் செலவைக் குறைக்கச் சொன்னால், பலரும் முதலில் கை வைப்பது சோப்பிலும் டிஷ்யூவிலும்தான். அதில் மிஞ்சுவது சொற்பம். பில்லில் பெரும்பங்கு ஆள் நேரம். அந்த நேரத்தின் விலையை நீங்கள் இறக்கவும் முடியாது: சிங்கப்பூரின் படிப்படியாக உயரும் சம்பள முறையின்படி, அலுவலகத்துக்குள் வேலை பார்க்கும் முழுநேரத் துப்புரவாளருக்குக் குறைந்தபட்ச அடிப்படை மாதச் சம்பளம் 2025 ஜூலை முதல் 1,910 வெள்ளி, 2026 ஜூலையில் 2,080 வெள்ளி. எனவே தேட வேண்டியது வீணாகும் நிமிடங்களை.

மேசைக்கு மேசை இருக்கும் குப்பைத்தொட்டியில் தொடங்குங்கள். 40 பேர், 40 தொட்டி. ஒன்றைக் காலிசெய்து பை மாற்ற அரை நிமிடம் என்றாலும் நாளுக்கு 20 நிமிடம். மாதம் 22 வேலை நாளில் ஏழு மணி நேரத்துக்கு மேல், கூடவே 880 பைகள். பாதிப் பைகளில் ஒரு டிஷ்யூதான் கிடக்கும். அவற்றை எடுத்துவிட்டு பேன்ட்ரியில் ஒன்று, பிரிண்டர் அருகில் ஒன்று, வாசலில் ஒன்று என மூடியுள்ள பெரிய தொட்டிகளை வையுங்கள். முதல் வாரம் முணுமுணுப்பு இருக்கும். உணவுக் கழிவு பேன்ட்ரி தொட்டியில் மட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி, அதை அன்றன்றே அகற்றுங்கள். விட்டால் எறும்பும் கரப்பானும் வரும், பூச்சிமருந்துச் செலவு தனியாக வரும்.

அடுத்தது வாசல். தரையில் சேரும் மண்ணில் பெரும்பாலானது காலணியோடு வருவது. கடைவீட்டு அலுவலகங்களில் ஐந்தடி நடைபாதையை ஒட்டி ஒரு சின்ன மிதியடி கிடக்கும். அதில் ஒரு கால்தான் படும். இரண்டு காலும் இரண்டு முறையாவது பட வேண்டுமானால் குறைந்தது இரண்டு மூன்று மீட்டர் நீளம் தேவை. வெளியே மண்ணைச் சுரண்டும் சொரசொரப்பான பாய், உள்ளே ஈரம் உறிஞ்சும் பாய். பாயைத் தினமும் வேக்குவம் செய்யாவிட்டால், அதுவே மண்ணைக் கொடுக்கும். நவம்பர், டிசம்பர் மழைக்குக் குடை வைக்கும் தாங்கி கதவுக்கு வெளியே இருக்கட்டும்.

இனி வாளி. இங்கேதான் காசும் போகிறது, தரமும் போகிறது. நடுநிலை (அமிலமோ காரமோ இல்லாத) தரைச் சோப்பு 1:100 என்று எழுதியிருந்தால், 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி. கண்ணளவில் ஊற்றினால் எளிதாக 300 மில்லி விழும். கூடினால் நன்றாகச் சுத்தமாகும் என்பது தப்புக் கணக்கு: மிஞ்சிய சோப்பு பிசுபிசுப்பாகப் படிந்து தூசியை இழுக்கும், மறுநாளே காலடித் தடம் தெரியும், மறுபடி மாப் போட வேண்டிவரும். சந்தேகமிருந்தால் ஈரமான வெள்ளைத் துணியால் தரையை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். நுரை வந்தால் அளவு கூடியிருக்கிறது. வெறும் தண்ணீரில் இருமுறை துடைத்துவிட்டு, பாட்டிலுக்கு அளவு பம்ப் ஒன்றைப் பொருத்துங்கள். மாப்புக்கு முன் உலர்ந்த தூசியைக் கூட்டியெடுப்பதும் கட்டாயம். இல்லையென்றால் சேறு பூசுவதுதான் நடக்கும்.

மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்தால் எட்டு சுத்தமான பக்கம் கிடைக்கும். துணி மென்மையாக்கி போட்டுத் துவைக்காதீர்கள், இழைகளில் படிந்து துணி தூசியைப் பிடிக்காது. கழிவறைக்குத் தனி நிறத் துணி.

கழிவறையில் நேரத்தை மிச்சப்படுத்த ஓர் எளிய வழி: முதலில் கழிவறைத் திரவத்தைத் தெளித்துவிட்டு, கண்ணாடி, கைகழுவும் தொட்டி எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு திரும்பி வந்து தேயுங்கள். திரவம் ஊறிய பின் பாதித் தேய்ப்பு போதும். அமிலக் கழிவறைத் திரவத்தோடு பிளீச் சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். பளிங்குத் தரையில் அமிலம் பட்டாலும் மெருகு போய்விடும், அதைச் சரிசெய்யும் செலவு தனி.

எதைக் குறைக்கலாம்? யாரும் உட்காராத கூட்ட அறையைத் தினமும் துடைக்கத் தேவையில்லை, வாரம் இருமுறை போதும். கழிவறை, பேன்ட்ரி, கதவுக் கைப்பிடி ஆகியவற்றின் துப்புரவைக் குறைக்காதீர்கள்.

துப்புரவு நிறுவனத்துடனான ஒப்பந்தத்தில் ‘இருவர், எட்டு மணி நேரம்’ என்று எழுதுவதைவிட, எந்த இடம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். 2025 ஜூலை விகிதப்படி ஒரு முழுநேர ஆளுக்கு மாதம் 1,910 வெள்ளி, 55 வயதுக்குட்பட்ட உள்ளூர்வாசி என்றால் அதன்மேல் முதலாளி கட்டும் மத்திய சேம நிதி 17 விழுக்காடு. ஏறக்குறைய 2,235 வெள்ளி. அதற்குக் கீழே வந்த விலையைப் பார்த்து மகிழாதீர்கள், எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேளுங்கள். நிறுவனத்துக்குத் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாற்றங்கள் செய்த பின் வாரம் ஒருமுறை கதவுச் சட்டத்தின் மேல்புறம், குழாயின் பின்பக்கம், பேன்ட்ரி மேசைக் காலடி ஆகிய மூன்று இடங்களையும் வெள்ளை டிஷ்யூவால் தடவிப் பாருங்கள். ஒரே இடம் தொடர்ந்து இரண்டு வாரம் கறுத்தால், அங்கே வெட்டிய நிமிடங்களைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.