பட்டா மேல்முறையீட்டில் நம்மையும் சேர்க்கச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாசில்தார் போட்ட பட்டா மாறுதல் உத்தரவை எதிர்த்துப் பங்காளி ஒருவர் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்திருக்கிறார். அந்த நிலத்தில் உங்களுக்கும் பாகம் உண்டு, ஆனால் மனுவில் உங்கள் பெயரே இல்லை. விஷயம் காதுக்கு வந்ததும் பலரும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போய், ‘பட்டா மாற்றக் கூடாது’ என்று கலெக்டரிடம் ஓர் ஆட்சேபனை மனு கொடுத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள்.

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். ஆட்சேபனை தெரிவித்தவர் வேறு, வழக்கின் தரப்பினர் வேறு. அந்த மனு கோட்டாட்சியரின் கோப்புக்குப் போய்ச் சேரலாம், சேராமலும் போகலாம். சேர்ந்தாலும் அடுத்த வாய்தா என்றைக்கு என்று உங்களுக்குச் சொல்வார்கள், உத்தரவு நகல் வரும் என்றெல்லாம் நம்பியிருக்க முடியாது. மனுவைக் கோட்டாட்சியரிடமே கொடுங்கள். மேல்முறையீட்டு எண், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எல்லாம் மேலேயே இருக்கட்டும். முக்கியமாக, ‘என்னை எதிர்மனுதாரராகச் சேர்த்து விசாரிக்க வேண்டும்’ என்ற கோரிக்கை இருக்க வேண்டும். இந்த ஒரு வரியை விட்டுவிட்டு நாலு பக்கத்துக்குக் குடும்பக் கதை எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

சரி, கதைக்குப் பதில் என்ன எழுதுவது? இந்த உத்தரவால் உங்களுக்கு என்ன பாதிப்பு என்பதை. கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், வாரிசுச் சான்று என்று கையில் இருப்பதன் நகலை இணையுங்கள். ‘பூர்வீகச் சொத்து, ஊருக்கே தெரியும்’ என்பது ஆவணம் ஆகாது.

விசாரணை முடிந்து உத்தரவுக்காகக் கோப்பு காத்திருக்கும்போது மனுவை எடுத்துக்கொண்டு ஓடுவதும் வழக்கமாக நடக்கும் தவறுதான். தாமதமாகிவிட்டால் மறைக்க வேண்டாம். எப்போது, எப்படித் தெரியவந்தது என்று தேதியோடு எழுதுங்கள். மனுவின் நகலை மற்ற தரப்பினருக்கும் கொடுங்கள். உங்கள் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அப்புறம், அதே நிலம் பற்றி சிவில் கோர்ட்டில் வழக்கு இருந்தால் அதைச் சொல்லாமல் விடுவது. எதிர்த்தரப்பு எடுத்துச் சொல்லும்போது உங்கள் பேச்சுக்கு மதிப்புப் போய்விடும். வழக்கு எண்ணை நீங்களே முதலில் எழுதிவிடுங்கள்.

நிலம் யாருடையது என்பதையே கோட்டாட்சியர் முடிவு செய்துவிடுவார் என்று எதிர்பார்த்துப் போவதும் தவறு. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பட்டா பாஸ்புத்தகச் சட்டத்தில் 12ஆவது பிரிவு மேல்முறையீட்டுக்கானது, 13ஆவது பிரிவு மாவட்ட வருவாய் அலுவலரிடம் செய்யும் சீராய்வுக்கானது, அதாவது உத்தரவை மறுபடி பரிசீலிக்கக் கேட்பதற்கானது. நிலத்தில் உங்களுக்கு உரிமை உண்டு என்று அறிவிக்கக் கோரி சிவில் கோர்ட்டுக்குப் போகும் வழியை 14ஆவது பிரிவு திறந்தே வைத்திருக்கிறது. எந்த வழியில் போனாலும் கோட்டாட்சியரின் உத்தரவு நகல் கையில் வேண்டும். தரப்பினராகச் சேர்ந்திருந்தால் அதைக் கேட்டு வாங்க யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.