வெஸ்டனில் கடலைத் தேடி நடக்காதீர்கள்

இங்கிலாந்தில் பிரிஸ்டலிலிருந்து ரயிலில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் கடற்கரை ஊரான வெஸ்டன்-சூப்பர்-மேர் போகிறீர்களா? டிக்கெட் எடுக்கும் முன் அன்றைய ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைப் பாருங்கள். ஊரை ஒட்டிய கடற்பகுதியான பிரிஸ்டல் கால்வாயில் கடல்மட்டம் ஏறி இறங்கும் வித்தியாசம் 14 மீட்டர் வரை போகும். உலகிலேயே மிகப் பெரிய வித்தியாசங்களில் ஒன்று. கடல் வற்றினால் ஒரு மைலுக்கு மேல் உள்வாங்கிவிடும். ஊர்ப் பெயரில் 'மேர்' என்றால் லத்தீனில் கடல். கேலிக்காரர்கள் வைத்த பெயர் 'வெஸ்டன் சூப்பர் மட்', மட் என்றால் ஆங்கிலத்தில் சேறு!

கேலி சரிதான். கரையோரம் நல்ல மணல், தாண்டினால் கால் புதையும் சேறு. தண்ணீரைத் தொட்டுவிட்டு வரலாம் என்று குழந்தைகளோடு கிளம்பவே கிளம்பாதீர்கள். ஓதம் திரும்பினால் வேகமாக ஏறும். தப்பித் தவறி மாட்டிக்கொண்டால் காலை வெடுக்கென்று இழுக்க வேண்டாம், இன்னும் இறங்கும். உடல் எடை பரவும்படி பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, 999-ஐ அழைத்துக் கடலோரக் காவலைக் கேளுங்கள். காப்பாற்றுகிறேன் என்று கூட வந்தவரும் சேற்றில் இறங்கக் கூடாது.

ஏற்ற ஓதத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேர்வது என் யோசனை. நேரம் ஒத்துவராவிட்டால் மரைன் லேக் இருக்கிறது. கடல்நீரைத் தேக்கிவைத்த குளம், கடல் வற்றினாலும் அங்கே தண்ணீர் நிற்கும். 2008-ல் எரிந்து 2010-ல் மீண்டும் திறந்த கிராண்ட் பியர் என்ற, கடலுக்குள் நீளும் பொழுதுபோக்குப் பாலம், மழை வந்தால் ஒதுங்க வசதி.

சிப்ஸ் பொட்டலத்தை மட்டும் இறுக்கிப் பிடியுங்கள், கடற்காகங்கள் நம்ம ஊர்க் காக்காயை மிஞ்சியவை.