தியான முகாமுக்குத் தனியாகக் கார் ஓட்டிப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மலை ஊர்களில் நடக்கும் முகாம்களில் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்தாலே போதும், புதிதாக ஓட்டி வந்தவர்கள் யாரென்று தெரிந்துவிடும். பிரேக் கருகின வாடை, வெளிறின முகம், 'பதிவு முடிஞ்சிருச்சா?' என்ற பதற்றம். எல்லாம் நான் செய்து தீர்த்த பழைய கூத்துகள்தான். டயர் காற்று, ஸ்டெப்னி, உரிமம் பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

முகாம் தொடங்கும் நாளிலேயே கிளம்புவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. கணக்கு எப்படிப் போடுகிறார்கள் தெரியுமா? மேப் ஏழு மணி நேரம் என்கிறது. காலை எட்டுக்குக் கிளம்பினால் மூன்று மணிக்கு அங்கே. பதிவு ஐந்து வரை. இரண்டு மணி நேரம் கையில் மிச்சம்!

இந்தக் கணக்கில் ஒன்றுக்குப் போக இறங்கும் நேரம்கூடக் கிடையாது. முன்னால் ஒரு சரக்கு லாரி முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறினால், முந்த இடம் கிடைக்கும்வரை அதன் வேகம்தான் உங்கள் வேகம். சாலை வேலை நடந்தால் ஒரு பக்கத்தை நிறுத்தித்தான் மறுபக்கத்தை விடுவார்கள். மாலையில் மூடுபனி இறங்கலாம். இரண்டு பேர் என்றால் மாற்றி மாற்றி ஓட்டலாம். தனியாள் களைத்தால் ஓரமாக நிறுத்தித்தான் ஆகவேண்டும். பதிவு நேரம் நெருங்கும்போது எவர் நிறுத்துகிறார்? வளைவென்றும் பாராமல் லாரியை முந்துகிறார்.

சரி, பத்திரமாக வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு முகாமில் என் பக்கத்தில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். இருட்டிய பிறகு வந்தவர், பையை அறையில் போட்டுவிட்டு நேரே கூடத்துக்கு வந்திருந்தார். கார் சாவி இன்னும் கையில். கண்ணை மூடிக் கொஞ்ச நேரத்திலேயே தலை தொங்கிவிட்டது. மடித்திருந்த வலது காலின் பாதம் மட்டும் அவ்வப்போது பிரேக்கை மிதிப்பதுபோல் அழுந்தியது. (கண்ணை மூடியிருக்க வேண்டிய நான் இதை எப்படிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.) முகாமின் மௌன நாட்கள் முடிந்ததும் சொன்னார்: முதல் இரண்டு நாளும் கண்ணை மூடினாலே கொண்டை ஊசி வளைவுகள்தான் வந்தனவாம்.

கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய விடுப்பில் இரண்டு நாளைச் சாலைக்குத் தாரை வார்த்தாகிவிட்டது. 'கூட ஒரு நாள் லீவு கிடைக்காதே' என்பார்கள். அப்படியானால் பஸ்ஸில் வாருங்கள். ஓட்டித்தான் வருவேன் என்றால், முந்தின நாள் வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குப் போய் அறை எடுங்கள், காரைப் பூட்டிவிட்டுக் கொஞ்சம் காலாற நடங்கள், நன்றாகத் தூங்குங்கள். ஊர் 2,500 மீட்டருக்கு மேலே என்றால் இது இன்னும் அவசியம். அந்த உயரத்தில் சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். வருவதானால் பெரும்பாலும் முதல் நாளிலேயே வந்துவிடும்.

இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்புவது

ஏறும் மலையிலும் நடுநடுவே இறக்கம் உண்டு. ஏற எந்த கியர் தேவைப்படுமோ, அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் லோ அல்லது மேனுவல் மோடு. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கும் ஏறும். அந்த ஆயிலோ நாள்பட ஈரத்தை இழுக்கும். டாட் 4 (DOT 4) என்ற வகை பிரேக் ஆயிலுக்குத் தர விதிப்படி குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய நிலையில் 155 மட்டுமே. ஆயில் கொதித்தால் குமிழி உண்டாகும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது.

நியூட்ரலில் உருட்டி எரிபொருள் மிச்சம் பிடிக்கிறேன் என்பவர்களுக்கு: இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்ஷன் கார்கள் கியரில் இறங்கும்போது, ஆக்சிலரேட்டரில் கால் இல்லையென்றால், எரிபொருளைத் தாமே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில்தான் என்ஜின் குடித்துக்கொண்டே இருக்கும்.

மூடுபனியில் ஹை பீம்

லோ பீம் மட்டும்.

வழியெல்லாம் காபி, முகாமில் பூஜ்யம்

பழகின உடம்புக்குக் கடைசிக் காபி குடித்து 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். ஒரு வாரம் முன்பிருந்தே குறைத்து வாருங்கள்.

வீட்டுக்குச் சொல்லாமல் போனை ஒப்படைப்பது

மேலே சிக்னல் கிடைக்காமல் போகலாம். மலை ஏறும் முன்பே பேசிவிடுங்கள், முகாம் அலுவலக எண்ணையும் கொடுத்துவிடுங்கள்.

ஹேண்ட் பிரேக்கை இறுக்கிவிட்டுப் போவது

ஈரக் காற்றில் பல நாள் நின்றால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதளமாகப் பார்த்து நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிடுங்கள். கிளம்பும்போது கல்லை எடுக்க மறக்காதீர்கள்.