மாசி மாதத்தில் கபடி அணி எடுப்பது எப்படி

தையில் கதிர் அறுத்து முடிந்ததும் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் கபடிக்காரர்களுக்கு வேலை ஆரம்பம். பங்குனி, சித்திரைத் திருவிழாக்களை ஒட்டி ஊர் ஊராக ஆட்டம் வைப்பார்கள். அதற்கு முந்திய மாசிதான் அணி எடுக்கிற மாதம். நான் லெஃப்ட் கார்னர், அதாவது இடது ஓரத்தில் பிடிக்க நின்று ஆடியவன். இப்போது எங்கள் ஊர்ப் பையன்களைப் பார்த்துக்கொள்கிறேன். யார் இருப்பான், யார் கிளம்பிப் போவான், யாருக்கு முட்டி தாங்கும் என்ற கவலைக்கு எங்கே பிடி போடுவது என்று, புதிதாக அணி பார்க்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்.

முதலில் பெயர்களை எழுதாதீர்கள், இடங்களை எழுதுங்கள். இரண்டு ஓரத்திலும் இரண்டு கார்னர், அவர்களுக்கு அடுத்து இரண்டு இன், அதற்கடுத்து இரண்டு கவர், நடுவே ஒரு சென்டர். உள்ளே 7 பேர், வெளியே 5 பேர், மொத்தம் 12. ஒவ்வொரு இடத்துக்கும் நேரே, அங்கே நிற்கக்கூடியவன், அவன் இல்லாவிட்டால் நிற்கக்கூடியவன் என்று இரண்டு பெயர் போடுங்கள். இரண்டாவது பெயர் எங்கே விழவில்லையோ அங்கேதான் உங்கள் கவலை. பாடிப் போக எல்லாப் பையனும் கை தூக்குவான், அதனால் ரைடருக்குப் பஞ்சம் வராது. இரண்டு ரைடு தொடர்ந்து வெறுமையாகப் போய், மூன்றாவது ரைடில் பாயின்ட் எடுக்காவிட்டால் அவுட் என்ற நெருக்கடியிலும் பதறாமல் போகிற ஒருவனை மட்டும் அடையாளம் கண்டு வையுங்கள்.

காலியாகக் கிடப்பது பெரும்பாலும் கார்னர்தான். பாடி வருபவன் போனஸ் கோட்டுக்கு (தாண்டி ஊன்றினால் கூடுதல் பாயின்ட் தரும் கோடு) அப்பால் ஒரு காலை ஊன்றும்போது மற்றக் கால் தரையை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். அந்த நொடி அவன் பாரம் முழுவதும் ஒற்றைக் காலில். கார்னர்க்காரன் தாழ்ந்து புகுந்து, இரண்டு கையாலும் கணுக்காலைக் குதிகாலோடு சேர்த்து அள்ளி நெஞ்சோடு அணைக்க வேண்டும். பிடிக்கிறவன் தலை, வருபவனின் முட்டிக்கு நேரே போகவே கூடாது. பழகாத பையன் வருபவனின் முகத்தையும் கையையும் பார்த்து ஏமாறுவான். பார்வை இடுப்புக்குக் கீழேயே இருக்கட்டும்.

மாற்று கார்னரைத் தனியாகப் பழக்கிப் பயனில்லை. இன் நிற்பவன் கையைக் கோத்து நிற்கிற இடம் அது. பயிற்சியில் பாதி நேரம் அந்தப் பக்கத்து இன் ஆட்டக்காரனோடு அவனை ஜோடி சேருங்கள். லெஃப்டில் நின்றவனை அவசரத்துக்கு ரைட்டில் தள்ளாதீர்கள், எந்தக் கை முன்னே போவது என்பதே மாறிவிடும். பிறகு மூன்றே பேரை உள்ளே விட்டு ஆடச் சொல்லுங்கள். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்தால் 2 பாயின்ட். அந்த நிலையில் ஓடி ஒளியாமல் கால் பிடிக்கப் போகிறவன்தான் உங்கள் ஆள். வயதைப் பார்த்து யாரையும் ஒதுக்காதீர்கள். நம் தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் 40 வயதைத் தாண்டித்தான் 2016-ல் பாட்னா அணிக்குக் கேப்டனாகப் புரோ கபடிக் கோப்பையை வாங்கினார்.

அடுத்து, இருப்பவன் யார் என்று தெரிந்துகொள்வது. "பங்குனி உத்திரத்துக்கு இருப்பியாடா?" என்றால் எல்லோரும் "இருப்பேண்ணே" என்பார்கள். வீட்டுக்குப் போய் அம்மாவைக் கேளுங்கள். "சிங்கப்பூருக்கு பெர்மிட் வந்துருச்சு தம்பி, அடுத்த வாரம் கெளம்புறான்" என்பது அங்கேதான் தெரியும். போலீஸ் தேர்வு, செமஸ்டர் பரீட்சை, திருப்பூர் வேலை எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். அவன்மேல் கோபப்படாதீர்கள், வயிற்றுப்பாடு முதலில்.

நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் பையன்களைத் தனியாகக் கவனியுங்கள். பகலெல்லாம் 40 கிலோ சிப்பம் சுமந்த தோளை சாயங்காலம் டாஷ் அடிக்க (தோளால் மோதித் தள்ள) விட்டால் சீசனுக்கு முன்பே கழன்றுவிடும். அவர்களுக்குக் காலசைவுப் பயிற்சி மட்டும் கொடுங்கள்.

ஆட்டத்துக்கு எடை வரம்பு இருந்தால் இப்போதே தராசில் ஏற்றுங்கள். 65 கிலோ ஆட்டத்துக்கு 68 இருப்பவன் மாசி முழுவதும் மெதுவாகக் குறைக்கலாம். முந்தின நாள் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் ஓடிக் குறைப்பதை நான் அனுமதிப்பதில்லை. தசை பிடித்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியும்.

தரையையும் பாருங்கள். அறுத்த வயலில் உளுந்து நிற்கும், கிடைப்பது கோயில் திடல்தான். நம் களிமண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். தண்ணீர் விட்டுக் கொத்தி மணல் போடாமல் ஒருவனையும் இறக்காதீர்கள்.

முட்டியில் 'கடக்' என்று சத்தம் கேட்டு, ராத்திரிக்குள் வீங்கிவிட்டால் எண்ணெய் போட்டு உருவ விடாதீர்கள். ஐஸ் வைத்து, ஊன்றாமல், தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி எலும்புப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். சவ்வு கிழிந்திருக்கலாம். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்து "சரியாயிருச்சுண்ணே" என்பான். டாக்டர் சொல்லாமல் பட்டியலில் அவன் பெயரை ஏற்றாதீர்கள்.

வெளியூர் ஆட்டக்காரனைக் காசு கொடுத்துக் கூப்பிடுவதாக இருந்தால், எந்த ஊர்ப் பையன் இடத்துக்கு அவன் வருகிறானோ அந்தப் பையனிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் பெயர் பார்த்துத் தெரிந்துகொண்டால் அடுத்த வருஷம் அவன் திடல் பக்கமே வர மாட்டான். ஜெர்சியைக் கடைசி வாரம் அச்சுக்குக் கொடுங்கள். முதுகில் பெயர் வேண்டாம், நம்பர் போதும். யார் கிளம்பினாலும் அடுத்தவன் போட்டுக்கொள்ளலாம்.